பருவம் அறிந்து பயணம் குறித்தல்: கட்டபெட்டுக்கு வருவோர்க்குச் சில யோசனைகள்

உஷ்ணமண்டலத்தில் பிரயாணம் செய்யக் கருதுகிறவர், எந்த மாதத்தில் வெயில் அதிகம், எந்த மாதத்தில் குளிர் அதிகம் என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, அந்தக் காற்றுச் சுமந்து வரும் மழை மலையின் எந்தப் பக்கத்தில் இறங்குகிறது என்று விசாரிப்பதே உசிதம். நம் நாட்டில் இந்த விசாரணையின் பலனை நீலகிரியில் போலத் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது; அந்த நீலகிரியிலும், உதகையிலிருந்து வரும் சாலையும் குன்னூரிலிருந்து வரும் சாலையும் கோத்தகிரிச் சாலையோடு கூடுகிற கட்டபெட்டைப் போல, இரண்டு பருவமழைகளின் குணத்தையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வாய்த்த ஊர் சிலவே. மூன்று நகரங்களும் இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுவதால், கூட்டத்தை விரும்பாதவர்கள் கட்டபெட்டிலோ சுற்றியுள்ள கிராமங்களிலோ தங்கிக்கொண்டு மலை முழுவதையும் பார்த்து வருவது நல்ல ஏற்பாடு. அப்படி வருகிறவர் வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களையும் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஏப்ரல், மே மாதங்களே நீலகிரிக்கு உகந்தவை என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சென்னை ராஜதானியின் அரசாங்கம் கோடைதோறும் கீழ்நாட்டு வெயிலுக்கு அஞ்சி உதகைக்கு ஏறி வந்து அங்கிருந்து நிர்வாகத்தை நடத்திய காலத்தில், அரசாங்கத்தோடு உத்தியோகஸ்தர்களும், உத்தியோகஸ்தர்களோடு வியாபாரிகளும், அவர்கள் அனைவருக்காகவும் பந்தயங்களும் விருந்துகளும் மேலேறி வந்தன. அந்த வழக்கம்தான், ராஜதானி மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், பள்ளி விடுமுறையின் துணையோடு இன்றளவும் நிலைத்து நிற்கிறது. ஆகவே முதல் சீசன் என்று ஊரார் சொல்லும் அந்தக் காலம் சமவெளியின் வெப்பத்தை அனுசரித்து ஏற்பட்டதே அல்லாமல், மலையின் சீதோஷ்ணத்தை ஆராய்ந்து ஏற்பட்டதன்று. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் வருஷத்தில் முதன்முதலாக இம்மலைக்கு ஏறி, கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பக்கத்தில் முகாமிட்டது ஜனவரி மாதத்தில் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். பாதையே இல்லாத காலத்தில் மலையேறத் துணிந்தவர், வானம் தெளிந்து மண் காய்ந்திருக்கும் மாதத்தில் ஏறினார்.

மலையின் அமைப்பைச் சற்றே மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கிவிடும். மேற்கே குந்தா மலைத்தொடர் கேரளத்தை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. நடுவே, வடக்குத் தெற்காக, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைச் சிகரமாகக் கொண்ட தொடர் மேட்டு நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே கேத்தி, குன்னூர், கட்டபெட்டு, கோத்தகிரி ஆகியவை சரிந்து சரிந்து பவானிச் சமவெளியை நோக்கி இறங்குகின்றன. ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் தென்மேற்குக் காற்று குந்தா மலைகளில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து, கூடலூரிலும் தேவாலாவிலும் நடுவட்டத்திலும் அவலாஞ்சியிலும் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, தொட்டபெட்டாவைக் கடக்கும்போது பெரும்பாலும் வறண்ட காற்றாகவே கிழக்கே இறங்குகிறது. வீட்டின் பின்சுவர் சாரலைத் தாங்கிக்கொள்ள முன்திண்ணை நனையாமல் இருப்பதுபோல, கட்டபெட்டும் கோத்தகிரியும் அந்த மாதங்களில் பிழைத்துக்கொள்கின்றன. ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும்: காற்று வடகிழக்கே திரும்பி, வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு மண்டலங்கள் ஒவ்வொன்றும் கிழக்குச் சரிவுகளில் வந்து மோதும்; அப்போது மறைவு மேற்கே உள்ளவர்களுக்கு, அடி நம் பக்கத்துக்கு.

இது ஏட்டுக் கணக்கு என்று எண்ணுகிறவர்கள் இரண்டு தேதிகளை மட்டும் பார்க்கட்டும். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் மேற்கே அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2009 நவம்பர் 10-ஆம் தேதியன்று கிழக்கே கேத்தியில் பதிவானதும் அதே 82 சென்டிமீட்டர்தான். ஒரே மாவட்டத்தில், ஒரு தொடருக்கு இப்புறமும் அப்புறமும், ஆவணிக்குச் சற்று முன்னே ஒரு பேய்மழையும் ஐப்பசியில் ஒரு பேய்மழையும் பெய்திருக்கின்றன என்றால், நீலகிரியில் மழைக்காலம் எப்போது என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. எந்த ஊரில் தங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை கட்டபெட்டில் நான் காணும் காட்சியை அப்படியே சொல்கிறேன். காலையில் சாலைச் சந்திப்பில் நின்று மேற்கே பார்த்தால், தொட்டபெட்டாவின் முதுகின்மேல் சாம்பல் நிற மேகம் படிந்து நிற்கும். காற்றோ பலமாக வீசும். அந்தக் காற்றில் அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சாரல் வந்து முகத்தை நனைத்துவிட்டுப் போகும். ஆனால் பத்து மணிக்கெல்லாம் கிழக்கே கோத்தகிரிப் பக்கத்து வானம் நீலமாகத் திறந்து, தேயிலைச் சரிவுகளின்மேல் வெயில் விழும். அதே நாளில் உதகைக்குப் போனவர் குடையோடு திரும்பி வருவார். அவலாஞ்சிக்கும் மேல்பவானிக்கும் போக எண்ணியவர், சுற்றுலாவையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற சமாசாரத்தோடு திரும்பி வருவார். ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் நீலகிரிக்கு வர நேர்ந்தால், கிழக்குப் பக்கத்தில் தங்கி, கோடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை, கேத்தரின் நீர்வீழ்ச்சி என்று கிழக்கிலேயே திட்டம் வகுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். லாங்வுட் சோலைக்குள் நடக்கிறவர்கள் அட்டைக்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கொஞ்சம் உப்பைப் பொட்டலமாக வைத்துக்கொள்வது போதும். இறங்கிப் போகும் வழியில் பர்லியாறு பழப்பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் பழுக்கும் காலமும் இதுவே.

தேயிலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும் என்பதால் எந்த மாதமும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. கட்டபெட்டைச் சுற்றியுள்ள தேயிலையில் பெரும்பகுதி படுகர் சமூகத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகளுடையது. அவர்களுடைய பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலை இங்கே உண்டு. 1965-இல் ஏற்பட்ட இண்ட்கோசர்வ் என்ற தலைமைச் சங்கத்தின் கீழ் இயங்கும் பதினாறு தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. கோடைமழைக்குப் பின்பும், மறுபடி செப்டம்பருக்குப் பின்பும் கொழுந்து பெருகும். அந்நாட்களில் மாலை நேரத்தில் இலை எடை போடும் கொட்டகையருகே சற்று நின்று பாருங்கள். பறிப்பவர்கள் சாக்குகளையும் வலைப்பைகளையும் தலையில் சுமந்து வந்து இறக்குவார்கள். தராசுக்காரர் கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி இலையை வெளியே எடுத்து, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக இருக்கிறதா, முற்றின இலை கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். மழை நாளானால் இலையில் ஒட்டியுள்ள நீருக்காக எடையில் கழிவு உண்டு. அந்தக் கழிவு எவ்வளவு என்பதில்தான் பேச்சுவார்த்தை நீளும். பயணிக்கு அழகாகத் தோன்றும் சாரல், பறிப்பவருக்குக் கூலிக் கணக்கிலும் விவசாயிக்கு ஈரக் கழிவிலும் வந்து நிற்பதை நேரில் கண்டவர், பிறகு மழையைப் பற்றி நிதானமாகத்தான் பேசுவார். ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலோ கொழுந்து சுருங்கி, தொழிற்சாலை இயந்திரங்கள் ஓயும் நாட்களும் உண்டாதலால், தேயிலை ஆகும் விதத்தைப் பார்க்கவே வருகிறவர் அப்போது வந்து ஏமாறலாகாது. ஆனால் அதே குளிர் மாதங்களில் உயரமான தோட்டங்களில் மெல்ல வளரும் கொழுந்திலிருந்து ஆகும் தூளுக்கு மணம் அதிகம்; பனித் தேயிலை என்று வியாபாரிகள் அதைத் தனியே மதிக்கிறார்கள்.

இனி ஐப்பசி, கார்த்திகை. இந்த இரண்டு மாதங்களைப் பற்றி நயமாகச் சொல்லி ஒப்பேற்ற எனக்கு மனமில்லை. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் கிடைக்கிற தொடர் விடுமுறைகள் இந்தக் காலத்தை ஒட்டியே அமைவதால், கீழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கிளம்பி வருகிறார்கள். கிழக்குச் சரிவு மிகவும் நொய்ந்திருக்கும் காலமும் அதுவே. 1993 நவம்பரில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தருகே மலை சரிந்து சாலையையும் இருப்புப் பாதையையும் அடித்துச் சென்றது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊர்களுக்கிடையே போக்குவரத்து அற்றுப் போயிற்று. இவை அபூர்வமாக நிகழ்பவை என்பது மெய்தான். ஆனால் சிறு சரிவுகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் போடப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட மலை ரயில், இந்த மாதங்களில் தண்டவாளத்தில் பாறையும் மண்ணும் விழுவதால் பல நாட்கள் ரத்தாகிறது. ரயிலுக்காகவே வருகிறவர்கள், முக்கியமாகப் பற்சக்கரத்தின் உதவியால் நீராவி எஞ்சின் ஏறும் மேட்டுப்பாளையம் குன்னூர்ப் பகுதியைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள், ஜனவரி முதல் மார்ச்சு வரை சீட்டு வாங்குவதே மேல்.

அலுவலின் பொருட்டோ, உறவினர் வீட்டு விசேஷத்தின் பொருட்டோ இந்த மாதங்களில் வந்தே தீரவேண்டும் என்றால், மலைச்சரிவின் விளிம்பிலும் ஓடையின் கரையிலும் கட்டிய விடுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். சாலையோர மண்சுவரிலிருந்து கலங்கல் நீர் புதிதாக ஊறி வருவதைக் கண்டால் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கடலில் தாழ்வு மண்டலம் என்ற அறிவிப்பு வந்துவிட்டால், கட்டின பணம் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மேலே வந்துவிட்டவர், மழை பிடித்த பிறகு இரவில் இறங்க முயல்வதைவிட, இருக்கும் இடத்திலேயே இரண்டு நாள் அதிகமாகத் தங்கிவிடுவது க்ஷேமம்.

மார்கழி பிறந்து வானம் வெளுத்த பின் நீலகிரி தன் இயல்பான முகத்தைக் காட்டும். நவம்பர்க் கடைசியில் புல்லின்மேல் நீர்ப்பனியாகத் தொடங்குவது, மேகமற்ற இரவுகள் வந்ததும் உறைபனியாக மாறும். குளிர்ந்த காற்றுக் கனமானதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே உறைபனி மேட்டில் குறைவு, தாழ்ந்த புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் அதிகம். உதகையை அடுத்த தலைக்குந்தா போன்ற பள்ளங்கள் காலையில் வெள்ளையாகக் கிடப்பதன் காரணம் இதுவே. விவசாயிகள் இளஞ்செடிகளைக் காய்ந்த புல்லாலும் தழையாலும் மூடி வைப்பார்கள். பொழுது விடிந்ததும் இலைமேல் நீர் தெளிப்பார்கள். பார்க்க விரும்புகிறவர் வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும், அதற்கு நல்ல கம்பளியும் குல்லாவும் வேண்டும். ஆஸ்துமாவுள்ளவர்களும் முதியவர்களும் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நலம். மார்கழிக் கடைசியை ஒட்டிப் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா வருகிறது. கோத்தகிரியைச் சேர்ந்த பேரகணி அதற்கு முக்கியமான ஸ்தலம். வெள்ளை உடுத்து, வெறுங்காலோடு, ஹட்டி என்னும் படுகர் கிராமம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரிசையாக நடந்து வரும் பக்தர்களை வழியில் கண்டால், வண்டியை ஓரங்கட்டி வழிவிடுங்கள். அனுமதி கேளாமல் படமெடுக்காதீர்கள். அது அவர்கள் குலதெய்வ வழிபாடு, பயணிகளுக்கான காட்சியன்று.

மார்ச்சில் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கும். அதற்கடுத்து வருவது முதல் சீசன். மே மாதத்தில் உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் நடைபெறும். அவற்றைப் பழிக்க ஒன்றுமில்லை. பகலில் வெயில் இதமாக இருக்கும், பிற்பகலில் இடியோடு கோடைமழையும் சிற்சில நாள் ஆலங்கட்டியும் விழும். தொல்லை சாலையில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீஸார் அந்நாட்களில் ஒருவழிப் பாதை ஏற்படுத்துவது வழக்கமாதலால், உதகையை விட்டு மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பும் வண்டிகளெல்லாம் கட்டபெட்டுச் சந்திப்பின் வழியாகவே போக வேண்டியதாகும். ஞாயிறு பிற்பகலில் இங்கே சாலையைக் குறுக்கே கடக்கவே பொறுமை வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மே மாதத்தில்தான் வரமுடியும் என்ற நிலையிலுள்ள குடும்பங்கள் திங்கட்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்கட்டும்.

கோத்தகிரிச் சாலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, அதுவும் பருவத்தைச் சார்ந்ததே. குஞ்சப்பனை, முள்ளூர்ப் பகுதிகளில் பலா பழுக்கும் மே முதல் ஜூலை வரை யானைகள் பழத்தை நாடிச் சாலைக்கு வருகின்றன. பொழுது சாய்வதற்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். ஒலி எழுப்புவதும் இறங்கிப் படமெடுப்பதும் உயிருக்கு உலை வைக்கும். கட்டபெட்டு வனச்சரகத்தில் கரடியும் காட்டெருமையும் வருஷம் முழுவதும் நடமாடுவதால், விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் தேயிலைக்குள் தனியே உலாவப் போக வேண்டாம்.

இங்கே சொன்ன முறை நீலகிரிக்கு மட்டும் உரியதன்று. இலங்கைக்குப் போகிறவர், மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நனைந்திருக்கையில், மலைக்குக் கிழக்கே பண்டாரவளையும் பதுளையும் வறண்டு, அப்பகுதியின் ஊவாத் தேயிலை தன் உச்ச மணத்தை அடைவதைக் காண்பார். மார்கழியில் நிலைமை மாறி, ஊவா நனையும். மலேசியாவில் உறவினரைப் பார்க்க நவம்பர், டிசம்பரில் போகிறவர், கிளந்தான், திரெங்கானுக் கரையை விட்டுவிட்டுப் பினாங்கு, லங்காவிப் பக்கம் போனால் பெருமழையிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். எந்த நாடானாலும் மலைத்தொடர் எங்கே ஓடுகிறது என்று தேசப்படத்தில் பார்த்து, தங்கும் ஊர் அதற்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்ட பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும்.

ஒருமுறைதான் கட்டபெட்டுக்கு வர முடியும், எப்போது வரட்டும் என்று என்னைக் கேட்டால், இரண்டாம் சீசன் தொடங்கும் செப்டம்பரில், முதல் மூன்று வாரங்களுக்குள் வாருங்கள் என்பேன். மேற்கே மழை தணிந்து, கிழக்கே மழை தொடங்காத நாட்கள் அவை; நீர்வீழ்ச்சிகளில் நீர் இருக்கும், கொழுந்து துளிர்க்கும், விடுதிகளில் இடம் கிடைக்கும். 2018-இல் மலைச்சரிவுகளில் பூத்த நீலக்குறிஞ்சி, தன் பன்னிரண்டாண்டுக் கணக்குப்படி 2030-இல் மறுபடி பூக்க வேண்டியதும் இந்தப் பருவத்தை ஒட்டியே. இப்போது சிறுவராயிருக்கும் உங்கள் குழந்தைகளை அந்த ஆண்டில் அவசியம் அழைத்து வாருங்கள்.